வால் எந்தப் பக்கம்

டனீடின்,
மே 9, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மெரெனியாவுக்கு,

லாக்லன் பெக் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லாதவர்களும் யாராவது கேட்டால் நலம் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே அவர்களையும் அதிலேயே சேர்த்துக்கொள். டோகோமாரு விரிகுடாவில் நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. உன் பழைய மின்னஞ்சலுக்கு எழுதினால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. முகவரி உன் கேக் டப்பாவின் அடியில் கிடைத்தது. போன வருஷம் ஏப்ரலில், உன்னுடைய கடைசி வெள்ளிக்கிழமையன்று, ஃபெஜோவாப் பழக் கேக்கோடு கொண்டுவந்து அப்படியே விட்டுவிட்டுப் போனாயே, அந்த நீலத் தகர டப்பா. உன் அம்மா அடியில் பிளாஸ்திரி ஒட்டி, 'பாயேவாய்' என்று குடும்பப் பெயரும் தெருவும் ஊரும் எழுதியிருக்கிறார். டப்பா என் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. பத்திரம் என்றால், அதில் நான் திருகாணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. திருகாணிகள் இதுவரை புகார் சொல்லவில்லை.

செய்திகள் நிறைய. எங்கள் ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். புதுக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காதாம்; அதற்கு 'காற்றோட்டத் திட்டம்' என்று பெயர் வைத்து எங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார்கள். மீன் அறை டெஸ்மண்டுக்குக் கல்யாணம். பெண் யார் தெரியுமா? தீயணைப்புப் பயிற்சிக்கு வந்து, அவன் மட்டும் மீன்களை விட்டுவிட்டு வெளியே வரமாட்டேன் என்றான் என்று பெயர் எழுதிக்கொண்டு போனாளே, அவள்தான். 'அன்னிக்கி வெளிய வந்திருந்தா இன்னிக்கி தப்பிச்சிருப்பேன்' என்கிறான் டெஸ்மண்ட். முகம் முழுக்கச் சிரிப்பு.

புரொபசர் இஸபெல் அப்படியே இருக்கிறார். இப்போதும் ஒரு கையில் டீயும் மறு கையில் யாராவது எழுதிய கட்டுரையுமாக நடக்கிறார். டீ எதன்மேல் சிந்துகிறதோ அந்தக் கட்டுரைக்கு நல்ல காலம். வெள்ளிக்கிழமைப் பத்தரை மணி டீயும் அப்படியே நடக்கிறது. தப்புக்கு ஒரு கேக் என்ற சட்டமும் உண்டு. யார் லேசரை அணைக்காமல் போனாரோ, யார் லென்ஸில் விரலை வைத்தாரோ, அவர் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதுவோம். அவர் கேக் செய்து கொண்டுவர வேண்டும். எல்லோரும் அதைத் தின்றுவிட்டுத் தப்பை மறந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். பதினாறு வருஷத்தில் நான் கொண்டுவந்தது இரண்டே முறை, இரண்டு முறையும் கடை பிஸ்கட். 'சட்டம் போட்டவன் சட்டத்துக்கு வெளிய நிப்பான், கோரோ' என்று நீ சொல்வாய். ஐம்பத்து மூன்று வயசுக்காரனை உன் பாஷையில் தாத்தா என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீதான். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. வயசு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நம்முடைய நுண்ணோக்கி இயந்திரத்தைத்தான், நீ மீன் குஞ்சுகளைப் படம் எடுத்ததை. புதுக் கட்டடத்துக்குப் போவதற்காக ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் துணியில் சுற்றுகிறேன். நீ போன பிறகு அதில் வால் ஒளியை, நாம் வடிவம் மாற்றி விட்ட அந்த ஒளியை, யாரும் உபயோகிக்கவில்லை. மற்றவர்களுக்குச் சாதாரண ஒளியே போதும் என்கிறார்கள். அதைப் பிரிக்கும்போது உன்னைப் பற்றி நினைத்தேன். உன் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தேன். முதலில் வருவது இன்னமும் அந்த வரிதான்: கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, காரணம் படம் எடுத்தவரின் கவனக்குறைவு. புதுச் செய்திகளுக்குக் கீழே அது போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், நீ முதல் மீன் குஞ்சைப் படம் எடுத்தது ராஜா பிறந்தநாள் விடுமுறைக்குப் பிறகுதானே? முன்பு இல்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

இயந்திரத்தின் மேசையோடு இருந்த பதிவேட்டையும் பழைய காகிதங்களோடு சேர்த்துக் குப்பைக்குப் போடச் சொன்னார்கள். வாசலில் பெரிய தொட்டி நிற்கிறது. நான் போடவில்லை. என் பையில் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், அதில் பதினாறு வருஷமாக நான் எழுதிய ஜோக்குகள் எல்லாம் இருக்கின்றன.

தெற்குக் காற்று வந்துவிட்டது. ரோவெனா கம்பளிச் சாக்ஸ் பின்னுகிறாள். உனக்கும் ஒரு ஜோடி அனுப்பச் சொன்னாள். கால் அளவு எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
லாக்லன்


டனீடின்,
மே 14, புதன்கிழமை

அன்புள்ள மெரெனியாவுக்கு,

போன கடிதத்தை நான் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் ரோவெனா கேட்டாள், 'சொல்லிட்டியா?' என்று. 'கிட்டத்தட்ட' என்றேன். 'கிட்டத்தட்டன்னா என்ன? டெஸ்மண்டு கல்யாணத்தைச் சொல்லியிருப்பே' என்றாள். இருபத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினால் மூடின உறையையும் படித்துவிடுகிறார்கள்.

பிறகு சாப்பாட்டு மேசையில் அவளிடம் எப்படிச் சொல்லப் போகிறேன் என்று ஒத்திகை பார்த்தேன். நன்றாகவே வந்தது. இரண்டு இடத்தில் அவளே சிரித்தாள். முடிந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: 'இப்ப ஜோக்கை எல்லாம் எடுத்துட்டுச் சொல்லிப் பாரு. அஞ்சு வார்த்தைதான் மிஞ்சும்.'

எண்ணிப் பார்த்தேன். சரியாக ஐந்துதான்.

கண்ணாடியை எடுத்தது நான். எழுதாததும் நானே.

இப்போது மிச்சத்தைச் சொல்கிறேன். ராஜா பிறந்தநாள் விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை. ஒளி போகும் பாதையில் மூன்றாவது கண்ணாடியில் ஒரு தூசி. முறைப்படி காற்றால் ஊதி, லென்ஸ் காகிதத்தால் ஒற்ற வேண்டும். காகிதம் அடுத்த அறையில் இருந்தது. நான் சட்டை நுனியால் துடைத்தேன். புதிதாக வந்தவர்கள் யாராவது இதைச் செய்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். கண்ணாடி முழுக்கக் கீறல். புதுசு வரவழைத்தால் ஆறு வாரம் ஆகும். அப்போது ஒரு யோசனை வந்தது: இரண்டாவது கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினால் ஒளி நேராக நான்காவதற்கே போய்விடும், மூன்றாவது வேண்டியதே இல்லை. திருப்பினேன். போயிற்று. ஆறு வாரத்தை இருபது நிமிஷத்தில் மிச்சப்படுத்திவிட்டேன் என்று எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. கீறல் கண்ணாடியை மேசை இழுப்பறையின் பின்மூலையில் தள்ளினேன். ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

பதிவேட்டில் எழுதினேன், எழுதாமல் இல்லை. நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஜூன் ஒன்றாம் தேதி, என் கையெழுத்தில்: 'இன்று மேசையிலிருந்து ஒரு தண்டச்சோறு நீக்கப்பட்டது. அது நான் இல்லை என்பதை வியப்புடன் பதிவு செய்கிறேன்.' அவ்வளவுதான். அதைப் படித்து நீ சிரித்திருப்பாய். எல்லோரும் சிரித்திருப்பார்கள். எனக்கே மறந்துவிட்டது. போன வாரம் மேசையைப் பிரிக்கும்போது வரைபடத்தில் ஐந்து கண்ணாடி, மேசையில் நாலு. நடுவில் இரண்டு திருகாணித் துளைகள், சுற்றிலும் தூசி படியாத ஒரு வட்டம். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. டெஸ்மண்ட் வந்து, 'என்ன, தொலைஞ்சு போச்சா?' என்றான். 'இல்ல, கிடைச்சுருச்சு' என்றேன்.

ரோவெனாவுக்கு இதை விளக்கியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன். உனக்குத் தெரியாததல்ல. அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது, அதற்காக. சாதாரண ஒளியைத் தகடு மாதிரி தட்டையாக்கி மீன் குஞ்சின் குறுக்கே விட்டால், நடுவில் மட்டும் மெல்லிசாக இருக்கும், ஓரங்களில் தடித்துவிடும். வயிறு தெளிவாகத் தெரியும். தலையும் வாலும் கம்பளி போர்த்தினதுபோல் இருக்கும். அதனால் ஒளியின் வடிவத்தையே மாற்றினோம். அது கடைசி வரை மெல்லிசாகவே போகும். ஆனால் அந்த வடிவத்துக்கு ஒரு வால் உண்டு: நடு ஒளிக்கு ஒரு பக்கத்தில் மட்டும், மங்கலான கோடுகள். அந்த வால் படத்திலும் விழும். பரவாயில்லை, வால் வலப்பக்கம் இருக்கும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்தால், அது வாலைச் சுருட்டி உடம்போடு சேர்த்துவிடும். படம் சுத்தமாகிவிடும்.

கண்ணாடியில் முகம் பார்த்தால் வலது இடதாகிறது. ஒளிக்கும் அப்படித்தான், ஒவ்வொரு கண்ணாடியும் அதைப் புரட்டிப் போடுகிறது. ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டால் வால் இடப்பக்கம் போய்விடும். கம்ப்யூட்டர் வலப்பக்கமே தேடிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் கிடப்பதை வால் என்று அதற்குத் தெரியாது. அங்கே இன்னொரு பொருள் இருக்கிறது என்று விட்டுவிடும். ஒரு நரம்பு இருக்கும் இடத்தில் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு நரம்பு.

 'அப்ப அந்தப் பொண்ணு பார்த்துக் கட்டுரையில எழுதின ரெண்டாவது நரம்பு?' என்றாள் ரோவெனா. ஒளியின் வால்தான் என்றேன். 'நீ திருப்பி விட்டது' என்றாள். ஆமாம் என்றேன்.

நீ சோதிக்காமல் விடவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒளியைச் சோதித்துப் பதிவேட்டில் டிக் போடுவது என் வேலை, உன் வேலை அல்ல. டிக் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமைகூட விடவில்லை. வால் இருக்கிறதா என்று பார்த்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நீ என் டிக்கை நம்பினாய்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உன் சோதனையைத் தாங்களும் செய்து பார்த்த மெல்பர்ன் ஆய்வுக்கூடக்காரர்கள் ஒரே நரம்புதான் தெரிகிறது என்று எழுதிய வாரம், வெள்ளிக்கிழமை டீயில் நீ வந்து என் எதிரில் நின்று கேட்டாய். 'லாக்லன், ஜூன்ல நீ ஏதாவது மாத்தினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு.' கோரோ என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லிக் கேட்டாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், என் வாய் தானாகத் திறந்தது. 'மாத்தினேனே, சாக்ஸ். அதுவும் ரோவெனா கட்டாயப்படுத்தினதால' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, மெரெனியா. எனக்கு நிஜமாகவே நினைவில் இல்லை. ஆனால் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நினைவு வந்திருக்கும்.

பிறகு வேறு காரணம் எதுவும் அகப்படாததால், படம் தெளிவதற்காகத் திருப்பும் லென்ஸின் வளையத்தை நீ சரியாகத் திருப்பியிருக்க மாட்டாய் என்று முடிவானது. திருப்பியதாக நினைவு இருக்கிறது, ஆனால் நிரூபிக்க முடியாது என்றாய். உன் கையாலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றாய். பலகையில் உன் பெயரை நீயே எழுதினாய், பக்கத்தில் 'வளையம்' என்று. உன் அம்மா அனுப்பிய பழத்தில் கேக் செய்துகொண்டு வந்தாய். நான் இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவதும் எடுத்தேன், அதை நீ பார்க்கவில்லை.

உன் மூலப் படங்கள் எல்லாம் இன்னும் இங்கே இருக்கின்றன. நேற்று அவற்றை எடுத்து, வால் இடப்பக்கம் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி மறுபடி ஓடவிட்டேன். இரண்டாவது நரம்பு போய்விட்டது. இருப்பது ஒன்றுதான். மயிர்க்கோடு மாதிரி. நரம்பை வெட்டிவிட்டு, அது மறுபடி எப்படி வளர்கிறது என்றுதானே நீ பார்த்தாய்; வெட்டுப்பட்ட இடத்திலிருந்து அது முன்னே வளர்வதற்கு முன்பு, கொஞ்ச தூரம் பின்னால் போகிறது. பின்னால் போய், நின்று, அப்புறம்தான் முன்னே வருகிறது. பதினொரு குஞ்சுகளில் ஒன்பதில் அப்படி.

இந்த மார்ச்சில் மெல்பர்ன்காரர்கள் வெளியிட்டது இதைத்தான். நீ படித்தாயோ என்னவோ. உன் படங்களில் இருக்கும் தேதி அவர்களுடையதைவிட இருபது மாதம் முந்தியது. நீ தப்பான ஒன்றைப் பார்த்தாய் என்றுதான் எல்லோரும் சொன்னோம். சரியான ஒன்று அடியிலேயே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் வாலைப் போட்டு மூடிவிட்டேன்.

நாளைக் காலை புரொபசரிடம் போகிறேன். அதற்கு முன்பு உனக்குத் தெரிய வேண்டும் என்று இதை முதலில் எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அந்த வார்த்தையைப் பலகையில் எழுதி, கேக்கைத் தின்று, துடைத்துவிடும் பழக்கம் எனக்கு. அதனால் எழுதாமல் விடுகிறேன்.

லாக்லன்


டனீடின்,
ஜூன் 6, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மெரெனியாவுக்கு,

உன் அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு பக்கம் உங்கள் ஊர்ப் பழைய துறைமுகப் பாலத்தின் படம், மறுபக்கம் இரண்டே வார்த்தை: 'எத்தனையாவது கண்ணாடி?' பெயர்கூடப் போடவில்லை. ரோவெனா அதைக் குளிர்பெட்டிமேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன், நீ கவனிக்கவில்லையோ, அல்லது என் எழுத்தை இனி ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறாயோ. இரண்டாவதாக இருந்தால் நியாயம்தான். மூன்றாவது கண்ணாடி. மூன்றாவது என்பதில் ஜோக் எதுவும் இல்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டும். புரொபசர் இஸபெலின் அறைக்குப் போய், பதிவேட்டையும் கீறல் கண்ணாடியையும் மேசைமேல் வைத்து, அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னேன். அவர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். பதினாறு வருஷத்தில் அதை நான் பார்த்ததில்லை. தண்டச்சோறு வரியை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. 'அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, வளையத்தைச் சரியாத்தான் திருப்பினேன்னு மூணு தடவை சொன்னா. நானும் உன்னை ஒரு தடவை தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்' என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். 'வேண்டாம் லாக்லன். எழுத்துல குடுங்க. சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லாம' என்றார். அதுவரை நீ என்றவர், எனக்கு நீங்க போட்டுப் பேசினார். அதிலிருந்தே தெரிந்துகொள்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் வந்தது. நாலு முறை அடித்து எழுதினேன். வழக்கமாக நான் ஜோக் சேர்க்கத்தான் அடித்து எழுதுவேன்.

பத்திரிகைக்காரர்கள் அந்த வரியை மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 'கருவியின் ஒளிப்பாதையில் செய்யப்பட்டு, பதிவு செய்யப்படாத ஒரு மாற்றம்' என்று வரும். உன் பெயர் அதில் இருக்காது. என் பெயரைப் போடச் சொன்னேன், அப்படி வழக்கமில்லையாம். நீ விரும்பினால் உன் படங்களைச் சரிசெய்து, தேதியோடு தனியாக வெளியிடலாம் என்று புரொபசர் சொல்கிறார். அவரே உனக்கு எழுதுவார். முதலில் பார்த்தவர்கள் என்ற பெயர் மெல்பர்னுக்குத்தான். அதை யாராலும் திருப்ப முடியாது. நல்ல செய்தியை மட்டும் எழுதி நிறுத்தலாம் என்று கை போயிற்று. நிறுத்தவில்லை.

இன்று காலைப் பத்தரை டீக்கு நான் கேக் கொண்டுபோனேன். பழக் கேக், நானே செய்தது. ரோவெனா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு விரலை அசைக்கவில்லை. 'அடுப்பை எவ்வளவுல வைக்கணும்?' என்று கேட்டால் 'படிச்சுப் பாரு' என்றாள். மேலே கருகி, நடுவில் கொஞ்சம் வேகாமல் வந்தது. பலகையில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் தப்பு என்ன என்று எழுத வேண்டுமே. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழுசாக எழுதினால் பலகை போதாது. 'மூன்றாவது கண்ணாடி. மெரெனியா கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னது' என்று எழுதினேன்.

 சிலருக்கு அன்றைக்குச் சாக்ஸ் ஜோக்குக்குச் சிரித்தது நினைவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டெஸ்மண்ட்தான் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்து, 'கல்லு மாதிரி இருக்கு' என்றான். பிறகு, 'அவ கேக் நல்லா இருந்துச்சு' என்றான். அவ்வளவுதான் பேச்சு.

டீ முடிந்ததும் வழக்கப்படி ஒருவர் பலகையைத் துடைக்க வந்தார். புரொபசர் தடுத்துவிட்டார். அது அப்படியே இருக்கிறது. புதுக் கட்டடத்துக்குப் போகும்போது பலகையும் கூட வருகிறது. கழற்றப் போவது நான்தான்.

எங்களுக்கு முன்பே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்ட இயந்திரத்தை மறுபடி ஐந்து கண்ணாடியோடு பூட்டிவிட்டேன். மூன்றாவது புதுசு வந்துவிட்டது. ஆறு வாரம் என்று பயந்தேன் அல்லவா, ஒன்பது நாளில் வந்தது. வால் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்த்து எழுதுகிறேன். 'வலப்பக்கம்' என்று ஒரு வார்த்தை. பதிவேடு இப்போது படிக்கச் சுவாரஸ்யமே இல்லை. உன் இருக்கைக்கு வேறு ஆள் இன்னும் வரவில்லை, விளம்பரமும் கொடுக்கவில்லை. இதைத் தகவலுக்காக எழுதினேன்.

நீ அங்கே ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருப்பதாக டெஸ்மண்ட் யார் மூலமோ கேள்விப்பட்டானாம். ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் உள்ள பழைய நுண்ணோக்கிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் கண்ணாடியை எடுக்க யாரும் வரமாட்டார்கள். அந்த நிம்மதியை விட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இத்தோடு உன் டப்பாவை அனுப்புகிறேன். திருகாணிகளைக் கொட்டிவிட்டு மூன்று தடவை கழுவினேன். காலி டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று உங்கள் பக்கத்திலும் சொல்வார்கள், எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். உள்ளே இருப்பது இரண்டாவது கேக். இதன் நடுப்பகுதி வெந்திருக்கிறது, குச்சி விட்டுப் பார்த்தேன். கேக்குக்கு அடியில், சாக்ஸில் சுற்றி, அந்தக் கண்ணாடி இருக்கிறது. சாக்ஸ் புதுசு, ரோவெனா உனக்காகப் பின்னினது. கால் அளவு நீ எழுதாததால் என் காலை வைத்துப் பின்னினாள். கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார். கீறல் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். என் சட்டை நுனி போன திசை. இனி யாராவது அந்த ஜூனில் என்ன மாறியது என்று கேட்டால், அதை எடுத்துக் காட்டு. நிரூபிக்க முடியாது என்று இனி நீ சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சரி என்று சொல். உன் கண் நன்றாக இருக்கட்டும். அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. டப்பா உன்னுடையது, திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒருவேளை அனுப்பினால், ஒரு வரி திட்டாவது போட்டு அனுப்பு. காலியாக மட்டும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
கோரோ